பிரெஞ்சு வெங்காய சூப்

பிரெஞ்சு வெங்காய சூப் என்பது, மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தை வெண்ணெயில் நெடுநேரம் வதக்கிப் பழுப்பாக்கி, எலும்புச் சாற்றில் கொதிக்கவைத்து, மேலே காய்ந்த ரொட்டித் துண்டும் துருவிய சீஸும் வைத்துச் சுட்டுப் பரிமாறப்படும் பிரான்சு நாட்டு உணவாகும். பிரெஞ்சு மொழியில் இது 'சூப் ஆ லொன்யோன்' எனப்படுகிறது. மேலே சீஸ் வைத்துச் சுடப்பட்ட வடிவத்தை 'க்ராத்தினே' என்றும் அழைப்பர்.

வெங்காயம், வெண்ணெய், பழைய ரொட்டி, தண்ணீர் ஆகியவை ஏழை வீட்டிலும் கிடைத்த பொருள்கள். அவற்றைக் கொண்டு செய்த சூப் இன்று உலகெங்கும் உயர்தர உணவகங்களில் பரிமாறப்படுகிறது. இதன் அடர்த்திக்கும் ஆழமான சுவைக்கும் முதன்மைக் காரணம் விலையுயர்ந்த பொருள்கள் அல்ல; வெங்காயம் பழுப்பாகும் முறையும் அதற்குச் செலவாகும் நேரமுமே காரணம். பல சமையற்குறிப்புகள் "பத்து நிமிடம் வதக்கவும்" என்று சொல்வதை நம்பிச் செய்பவர்களுக்குக் கிடைப்பது வெளிறிய, தண்ணீரான சூப்தான். பத்து நிமிடத்தில் ஏன் முடியாது என்பதற்கு எளிய இயற்பியல் விளக்கம் உண்டு. அது கீழே தரப்பட்டுள்ளது.

பெயர்

'சூப்' என்னும் சொல் தொடக்கத்தில் நீர்ம உணவைக் குறிக்கவில்லை. செருமானிய மொழி வேரிலிருந்து பிற்கால இலத்தீன் வழியாக வந்த இச்சொல், சாறு ஊற்றி ஊறவைத்த ரொட்டித் துண்டையே குறித்தது. பானையில் கொதித்த சாற்றுக்கு 'பொத்தாழ்' என்பது பெயராக இருந்தது. காலப்போக்கில் ரொட்டியின் பெயர் முழு உணவுக்கும் ஆயிற்று. மழையில் தொப்பலாக நனைந்தவரை "சூப் போல நனைந்தவர்" என்று பிரெஞ்சு மொழியில் இன்றும் சொல்வதில் அந்தப் பழைய பொருள் தங்கியுள்ளது. வெங்காய சூப்பில் மிதக்கும் ரொட்டித் துண்டு பின்னாளில் சேர்த்த அலங்காரம் அன்று. பெயருக்கே உரிய பகுதி.

வரலாறு

தொடக்கம்

வெங்காயம் மலிவாக விளையக்கூடியது; குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருப்பது. ஆகவே ஐரோப்பாவின் எளிய மக்களிடையே வெங்காயம் சேர்ந்த சாறுகள் மிகப் பழங்காலந்தொட்டே வழக்கில் இருந்தன. இன்றைய சூப்புக்கு நெருங்கிய செய்முறை ஒன்று, லா வரென் என்னும் சமையற்கலைஞர் 1651-இல் வெளியிட்ட 'லெ குயிசினியே பிரான்சுவா' என்னும் நூலில் உள்ளது. மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, தண்ணீரிலோ பட்டாணிச் சாற்றிலோ வேகவைத்து, ரொட்டியின் மேலோட்டைச் சேர்த்து, கடைசியில் சிறிது காடி விட்டுப் பரிமாறுவது அவர் சொன்ன முறை. மாட்டெலும்புச் சாறும் இல்லை, சீஸும் இல்லை. வெங்காயம், வெண்ணெய், ரொட்டி, புளிப்பு ஆகிய நான்கும் அப்போதே இருந்தன. மற்றவை பின்னர் வந்து சேர்ந்தவை.

அரசர் கதைகள்

இந்த சூப்பின் பிறப்பு பற்றி இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்றில், பதினைந்தாம் லூயி மன்னர் வேட்டை மாளிகையில் இரவில் பசித்தபோது அங்கு வெங்காயம், வெண்ணெய், ஷாம்பெய்ன் மட்டுமே இருந்தனவாம்; அவற்றைக் கலந்து இதை உண்டாக்கினாராம். மற்றொன்றில், அவருடைய மாமனாரும் போலந்தின் முன்னாள் மன்னருமான ஸ்தனிஸ்லாஸ் லெஸ்சின்ஸ்கி, பயண வழியில் ஷாலோன் நகரச் சத்திரம் ஒன்றில் இதைச் சுவைத்து மயங்கி, சமையற்காரரிடம் செய்முறையைக் கேட்டறிந்த பின்னரே புறப்பட்டாராம். லூயி 1715-இல்தான் அரியணை ஏறினார். அதற்கு 64 ஆண்டுகளுக்கு முன்பே வெங்காய சூப் அச்சில் வந்துவிட்டது. எனவே முதற்கதை வரலாறு ஆகாது.

லே ஆல் சந்தை

சீஸ் உருகிப் படர்ந்த இன்றைய வடிவம் 19-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரின் மையச் சந்தையான லே ஆல் பகுதியில் நிலைபெற்றதாகக் கருதப்படுகிறது. பாரிசு மக்களுக்கான இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றின் மொத்த வணிகம் இங்கு நள்ளிரவில் தொடங்கி விடியலில் முடிந்தது. கட்டடக்கலைஞர் விக்தோர் பல்தார் 1850-களில் தொடங்கி எழுப்பிய இரும்பு, கண்ணாடிக் கூடங்களின் கீழ் அது நடந்தது. எமீல் சோலா 1873-இல் எழுதிய 'பாரிசின் வயிறு' என்னும் புதினத்தின் களம் இச்சந்தையே.

குளிரிரவில் மூட்டை சுமந்தவர்களுக்குச் சூடான, வயிறு நிரப்பும், விலை குறைந்த உணவு தேவைப்பட்டது. சுற்றியிருந்த சிறு உணவகங்கள் வெங்காய சூப்பை விற்றன. நாடகமும் நடனமும் முடிந்து பின்னிரவில் வீடு திரும்பிய செல்வந்தர்களும் அதே கடைகளுக்கு வந்தனர். சுமைதூக்குபவரும் பட்டாடை உடுத்தியவரும் ஒரே கிண்ணத்தை நாடிய இடம் என்னும் பெயர் இப்பகுதிக்கு வந்தது. 1969-இல் மொத்தச் சந்தை நகருக்குத் தெற்கேயுள்ள ரான்ஜிஸ் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. 1971-இல் பல்தாரின் கூடங்கள் இடிக்கப்படலாயின. சந்தை போனபின்னும் சூப் போகவில்லை. 1947 முதல் அங்கு இயங்கிவரும் 'ஓ பியே தெ கொஷோன்' போன்ற உணவகங்கள் அதை இன்றும் பரிமாறுகின்றன.

கடல் கடந்த புகழ்

அமெரிக்க வீட்டுச் சமையலறைகளில் இந்த சூப் பரவியதில் சூலியா சைல்டுக்குப் பெரும் பங்குண்டு. சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் ஆகியோருடன் அவர் எழுதி 1961-இல் வெளியான 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் பிரெஞ்சு குக்கிங்' என்னும் நூலிலும், 1963-இல் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சித் தொடரிலும் இந்த சூப் இடம்பெற்றது. வெங்காயத்தை முதலில் 15 நிமிடம் மூடி வேகவைத்து, பின்னர் திறந்து 30 முதல் 40 நிமிடம் கிளறிப் பழுப்பாக்க வேண்டும் என்று அந்நூல் நேரத்தை ஒளிவின்றிச் சொன்னது.

சுவை உருவாகும் விதம்

பச்சை வெங்காயத்தில் ஏறத்தாழ 89 விழுக்காடு தண்ணீர். 4 விழுக்காடு சர்க்கரைகள். 1 விழுக்காடு புரதம். சர்க்கரை இருந்தும் பச்சையாகக் கடித்தால் இனிப்பு தெரிவதில்லை. வெங்காயத்தை நறுக்கும்போது உயிரணுக்கள் சிதைந்து, தனித்தனியே இருந்த ஒரு நொதியும் கந்தகச் சேர்மங்களும் ஒன்றுசேர்கின்றன. அதனால் உண்டாகும் ஆவிப்பொருள்தான் கண்ணீரை வரவழைப்பது. காரமும் இத்தகைய கந்தகச் சேர்மங்களால் வருவதே. வெங்காயம் சூடானதும் நொதி செயலிழக்கிறது. காரப் பொருள்கள் ஆவியாகவோ வேறு சேர்மங்களாகவோ மாறுகின்றன. மறைந்திருந்த இனிப்பு அப்போது வெளிப்படுகிறது. நறுக்கி வேகவைத்த வெங்காயத்தில் உருவாகும் கந்தகச் சேர்மம் ஒன்று இறைச்சிச் சாற்றைப் போன்ற மணம் தரக்கூடியது. சைவ முறையில் செய்தாலும் வெங்காய சூப்பில் ஓர் 'இறைச்சித் தன்மை' தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த கட்டம் பழுப்பாதல். சர்க்கரைகளும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து, பழுப்பு நிறமிகளையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-காமி மயார் 1912-இல் விளக்கியதால் இது மயார் வினை எனப்படுகிறது. ரொட்டியின் மேலோடு, வறுத்த காப்பிக்கொட்டை ஆகியவற்றின் மணத்துக்கும் இதுவே காரணம். சர்க்கரை தனியே சூட்டில் சிதைந்து கேரமலாக மாறுவதும் உடன் நடக்கிறது. இதனால்தான் இதைக் கேரமல் வெங்காயம் என்பர். ஆனால் சுவையின் பெரும்பகுதி மயார் வினையிலிருந்து வருவது.

இந்த வினைகள் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் வேகம் பெறுகின்றன. பாத்திரத்தில் தண்ணீர் நிறைய இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே தண்ணீர் வெளியேறிய பிறகே வெங்காயம் உண்மையில் பழுப்பாகத் தொடங்கும்.

ஏன் ஒரு மணி நேரம்

ஒரு கிலோ வெங்காயத்தை நன்கு பழுப்பாக்கினால் அது ஏறத்தாழ 350 கிராமாகச் சுருங்குகிறது என்று கொள்ளலாம். அதாவது 650 கிராம் தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் தேவை. 650 கிராமுக்கு அது ஏறத்தாழ 14.7 இலட்சம் ஜூல். வெங்காயத்தை அறை வெப்பநிலையிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர மேலும் 2.7 இலட்சம் ஜூல் ஆகும். மொத்தம் 17.4 இலட்சம் ஜூல்.

மிதமான தீயில் பாத்திரத்துக்குள் விநாடிக்கு 600 ஜூல் வெப்பம் சென்று சேர்கிறது என்று கொண்டால், இதற்கு 2,900 விநாடிகள், அதாவது ஏறத்தாழ 48 நிமிடம் ஆகும். இடையிடையே தீயைக் குறைப்பதையும் கடைசியில் பழுப்பாகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டுமானால் விநாடிக்கு 2,900 ஜூல் வெப்பம் வெங்காயத்துக்குள் புக வேண்டும். அவ்வளவு வெப்பமும் பாத்திரத்தின் அடிப்பகுதி வழியாகவே வருவதால், மேலுள்ள வெங்காயம் வேகும் முன்பே அடியிலுள்ளது கருகிவிடும்.

இவ்வாறு சுருங்கும்போது, நூறு கிராமுக்கு 4 கிராமாக இருந்த சர்க்கரை ஏறத்தாழ 11 கிராமாகச் செறிகிறது. சூப் இயல்பாகவே இனிப்பதற்கு இதுவே காரணம்.

நேரத்தைக் குறைக்கச் சில குறுக்குவழிகள் சொல்லப்படுகின்றன. அவற்றின் விளைவுகள் பின்வருமாறு:

- சமையல் சோடா: காரத்தன்மை மயார் வினையை விரைவுபடுத்துவது உண்மை. ஆனால் அது வெங்காயத்தின் செல்சுவர்களைப் பிணைக்கும் பெக்டினையும் சிதைப்பதால் இழைகள் கூழாகிவிடும். அளவு சற்றே கூடினாலும் சோடாச் சுவை தெரியும்.
- குக்கர்: வெங்காயம் விரைவில் மென்மையாகும், ஆனால் தண்ணீர் வெளியேறாது. பின்னர் திறந்துவைத்து வற்றவைக்க அதே அளவு நேரம் பிடிக்கும்.
- சர்க்கரை சேர்த்தல்: நிறம் சற்று முன்னதாக வரும், ஆழம் வராது. ஒரு சிட்டிகைக்கு மேல் சேர்த்தால் சூப் தித்திக்கும்.
- அகன்ற பாத்திரம்: இது ஒன்றே உண்மையில் பயன் தருவது. அடிப்பரப்பு அகலமாக இருந்தால் வெப்பம் அதிகப் பரப்பில் பரவும், ஆவியும் எளிதில் வெளியேறும்.

தேவையான பொருள்கள்

நான்கு பேருக்கு:

- பெரிய வெங்காயம்: 1 கிலோ
- வெண்ணெய்: 50 கிராம்
- எண்ணெய்: 1 மேசைக்கரண்டி
- உப்பு: முதலில் அரைத் தேக்கரண்டி, பின்னர் சுவைக்கேற்ப
- மைதா மாவு: 1 மேசைக்கரண்டி
- புளிப்பான வெள்ளை ஒயின்: 150 மில்லி லிட்டர்
- எலும்புச் சாறு: ஒன்றே கால் லிட்டர்
- தைம் இலைக்கொத்து: 2
- பே இலை: 1
- மிளகுத்தூள்: சிறிதளவு
- பகெத் ரொட்டி: விரற்கடை தடிமனில் 8 துண்டுகள்
- துருவிய க்ரூயேர் அல்லது கோந்தே சீஸ்: 150 முதல் 200 கிராம்

வெங்காயம்: நீண்ட நாள் சேமிக்கக்கூடிய, காரமான வகையே ஏற்றது. 'இனிப்பு வெங்காயம்' என விற்கப்படும் வகைகளில் தண்ணீர் அதிகம், காரம் குறைவு. காரத்தைத் தரும் கந்தகச் சேர்மங்களே பின்னர் மணமாக மாறுவதால், அவற்றில் செய்த சூப் தட்டையான சுவையுடன் இருக்கும். பிரான்சில் பெரும்பாலும் மஞ்சள்தோல் வெங்காயம் பயன்படுகிறது. பிரித்தானி பகுதியின் ரொஸ்கோஃப் இளஞ்சிவப்பு வெங்காயமும் புகழ்பெற்றது. நம் கடைகளில் கிடைக்கும் சிவப்புப் பெரிய வெங்காயத்திலும் இதைச் செய்யலாம். நிறம் சற்றுக் கூடுதலாகக் கருமை பெறும்.

கொழுப்பு: வெண்ணெய் மணத்தைத் தருகிறது. ஆனால் அதிலுள்ள பால் திடப்பொருள்கள் எளிதில் கருகக்கூடியவை. எனவே சிறிது எண்ணெய் கலந்து வெண்ணெயின் பங்கைக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

பே இலை: ஐரோப்பிய பே இலையும் பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலையும் வெவ்வேறு மரங்களின் இலைகள். பிரிஞ்சி இலை இலவங்கப்பட்டை மணம் உடையது. சூப்பின் இயல்பை மாற்றிவிடும். ஐரோப்பிய இலை கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

சீஸ்: க்ரூயேர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது, குறைந்தது 5 மாதம் முதிரவைக்கப்படுவது. கோந்தே பிரான்சின் கிழக்கே சுவிட்சர்லாந்து எல்லையோரம் செய்யப்படுவது. குறைந்தது 4 மாதம் முதிர்ந்தது. இரண்டும் மெதுவாக உருகி, நூல்போல் இழுபட்டு, சுட்டதும் நன்கு பழுப்பாகின்றன. எம்மென்டால் சீஸும் பயன்படும். மொசரெல்லா உருகினாலும் மணம் குறைவு.

எலும்புச் சாறு

மரபான சாறு மாட்டெலும்பிலிருந்து எடுக்கப்படுவது. ஒன்றரைக் கிலோ எலும்பை 220 டிகிரி ஓவனில் 40 நிமிடம் பழுப்பாகும்வரை வறுத்து, கேரட், செலரி, வெங்காயம் ஆகியவற்றுடன் 3 லிட்டர் குளிர்ந்த நீரில் இட்டு, தளதளவெனக் கொதிக்கவிடாமல் 4 முதல் 6 மணி நேரம் சிறுதீயில் வைத்து வடிகட்டுவர். எலும்பு மூட்டுகளில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் இந்நேரத்தில் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. சாறு ஆறியதும் கட்டியாக உறைந்தால் ஜெலட்டின் போதுமான அளவு இறங்கியுள்ளது என்று பொருள். வாயில் உணரும் கொழகொழப்பான நிறைவை இந்த ஜெலட்டினே தருகிறது.

மாட்டிறைச்சி தவிர்ப்போர் கோழியின் இறக்கை, கால் ஆகியவற்றை 3 மணி நேரம் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கலாம்; கோழிக்காலில் கொலாஜன் மிகுதி. கடையில் விற்கும் சாற்றுக் கட்டிகளில் உப்பு அதிகம், ஜெலட்டின் பெரும்பாலும் இராது. அவற்றைப் பயன்படுத்தினால் குறிப்பிட்ட அளவில் பாதியே கரைத்து, தனி உப்பைத் தவிர்க்க வேண்டும்.

செய்முறை

1. நறுக்குதல்: வெங்காயத்தைத் தலைப்பகுதியிலிருந்து வேர்ப்பகுதி நோக்கி இரண்டாகப் பிளந்து, அதே நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் தடிமனில் அரிய வேண்டும். குறுக்காக அரிந்தால் இழைகள் நீண்ட நார்போலாகி, கரண்டியில் தொங்கும். விரைவில் குழைந்தும் போகும்.

2. வேகவைத்தல்: அடிகனமான அகன்ற பாத்திரத்தில் வெண்ணெயையும் எண்ணெயையும் சூடாக்கி, வெங்காயத்தையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் சேர்த்துக் கிளறி, மூடி 10 முதல் 15 நிமிடம் மிதமான தீயில் வைக்க வேண்டும். உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும்; வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும்.

3. வற்றவைத்தல்: மூடியை எடுத்துவிட்டு 20 முதல் 25 நிமிடம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கிளற வேண்டும். இக்கட்டத்தில் நிறம் மாறவில்லையே என்று தீயைக் கூட்டுவதுதான் பலர் செய்வது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும் ஓசை இருக்கும்வரை நிறம் வராது, பொறுத்திருக்க வேண்டும்.

4. பழுப்பாக்குதல்: கொதிக்கும் ஓசை அடங்கி, பொரியும் ஓசை கேட்கத் தொடங்கியதும் தீயைக் குறைக்க வேண்டும். இனி 20 முதல் 30 நிமிடம் அருகிலேயே நிற்பது அவசியம். பாத்திரத்தின் அடியில் பழுப்புப் பற்று உருவாகும். இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டி, வெங்காயத்துடன் கலந்துவிட வேண்டும். மீண்டும் பற்றினால் மீண்டும் தண்ணீர் விடலாம். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்யும்போது நிறம் பொன்னிறத்திலிருந்து செம்பழுப்பாக, பிறகு காய்ச்சிய வெல்லப்பாகின் நிறமாக மாறும். வெங்காயம் பசைபோல ஒன்றோடொன்று ஒட்டும் நிலையே பதம்.

5. மாவு சேர்த்தல்: மைதாவைத் தூவி 2 நிமிடம் பச்சை வாசம் போகக் கிளற வேண்டும்.

6. ஒயின்: வெள்ளை ஒயினை ஊற்றி, அடிப்பற்று முழுவதையும் சுரண்டி, பாதியாக வற்றவிட வேண்டும். ஒயினை முன்னதாகவே சேர்க்கக் கூடாது. அமிலம் பெக்டினைக் கரையவிடாமல் காப்பதால் வெங்காயம் மென்மையாகாது. மயார் வினையும் மந்தமாகும்.

7. கொதிக்கவைத்தல்: சூடான சாறு, தைம், பே இலை சேர்த்துச் சிறுதீயில் 30 முதல் 40 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இறுதியில் இலைகளை எடுத்துவிட்டு மிளகு சேர்த்து உப்பைச் சரிபார்க்கலாம். சீஸிலும் உப்பு இருப்பதால் சற்றுக் குறைவாக விடுவது நல்லது. விரும்புவோர் ஒரு மேசைக்கரண்டி பிராந்தி சேர்ப்பர்.

8. ரொட்டி: வெங்காயம் வதங்கும் நேரத்திலேயே ரொட்டித் துண்டுகளை 160 டிகிரி ஓவனில் 20 முதல் 25 நிமிடம் வைத்து, உள்ளும் புறமும் ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் சிவக்க வாட்டினால் போதாது.

9. சுடுதல்: சூட்டைத் தாங்கும் பீங்கான் கிண்ணங்களில் கொதிக்கும் சூப்பை ஊற்றி, மேற்பரப்பு மறையும்படி ரொட்டியைப் பரப்பி, கிண்ண விளிம்புவரை சீஸைத் தூவ வேண்டும். ஓவனின் மேல்வெப்பத்தில் 3 முதல் 5 நிமிடம் வைத்தால், சீஸ் உருகிக் குமிழிட்டு ஆங்காங்கே பழுப்பாகும்.

ஓவன் இல்லாத வீடுகளில், காய்ந்த ரொட்டியின் மேல் சீஸ் தூவித் தோசைக்கல்லில் மூடி உருக்கி, பரிமாறும்போது சூப்பின் மேல் வைக்கலாம். பழுப்பு நிறம் குறைவாக இருந்தாலும் சுவையில் பெரிய இழப்பு இல்லை.

சைவ, மதுவில்லா முறைகள்

சைவ முறையில், காய்ந்த காளான் 15 கிராம், வறுத்த கேரட், செலரி, பூண்டு ஆகியவற்றை 45 நிமிடம் கொதிக்கவைத்த நீர் எலும்புச் சாற்றுக்கு ஈடாகும். கழுவிய வெங்காயத்தோல் சிலவற்றைச் சேர்த்தால் தேன்நிறம் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் சுவையை ஆழப்படுத்தும். ஜெலட்டின் இல்லாக் குறையை மைதாவின் அளவைச் சற்றுக் கூட்டிச் சரிசெய்யலாம். சீஸ் வாங்கும்போது கவனம் வேண்டும்: மரபான க்ரூயேர், கோந்தே இரண்டிலும் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் பயன்படுகிறது. தூய சைவர்கள், தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் என்று குறிப்பிட்ட சீஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒயினைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது சரியன்று. அரை மணி நேரம் கொதித்த பிறகும் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். சமயத்தாலோ உடல்நலத்தாலோ மதுவைத் தவிர்ப்பவர்கள் ஒயினுக்குப் பதில் சாற்றையே கூடுதலாக ஊற்றி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி காடி சேர்க்கலாம். ஒயினின் முதன்மைப் பணி வெங்காயத்தின் தித்திப்பைப் புளிப்பால் சமன் செய்வதே. லா வரென் 1651-இல் அதற்குக் காடியைத்தான் பயன்படுத்தினார்.

வழக்கமான பிழைகளும் காரணங்களும்

- சூப் கசக்கிறது: அடிப்பற்று பழுப்பைத் தாண்டிக் கருகிவிட்டது. கருகிய சுவை பிறகு நீங்காது. கரும்புள்ளிகள் தோன்றியதும் சுரண்டாமல் வெங்காயத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் மீதியைக் காப்பாற்றலாம்.
- சூப் தித்திக்கிறது: புளிப்புக் குறைவு. சில துளி காடியும் மிளகும் சரிசெய்யும்.
- நீர்த்திருக்கிறது: வெங்காயம் போதிய அளவு வற்றவில்லை, அல்லது சாற்றில் ஜெலட்டின் இல்லை. திறந்துவைத்து மேலும் கொதிக்கவிடலாம்.
- ரொட்டி கூழாகிவிடுகிறது: ஈரமுள்ள புதிய ரொட்டி பயன்படுத்தப்பட்டது.
- சீஸிலிருந்து எண்ணெய் பிரிகிறது: அதிக நேரம் சூடேற்றப்பட்டது. சூப் நன்கு கொதிநிலையில் இருந்தால் சுடும் நேரம் குறையும்.

வட்டார வகைகள்

லியோன் நகரம் சீஸ் போட்டுச் சுட்ட வெங்காய சூப்புக்குப் பாரிசைப் போலவே பெயர்பெற்றது. அங்கு உண்ணும் வேளையில் முட்டை மஞ்சட்கருவைப் போர்ட் ஒயினுடன் அடித்துச் சூப்பில் கலப்பதும் உண்டு. தென்மேற்குப் பிரான்சில் 'தூரேன்' எனப்படும் சூப் வழங்குகிறது. பூண்டோ வெங்காயமோ வதக்கி, தண்ணீரில் கொதிக்கவைத்து, முட்டையால் கெட்டியாக்குவர். சீஸ் மேலோடு இராது. திருமண இரவில் புதுமணத் தம்பதியருக்கு இதைக் கொண்டுசென்று கொடுப்பது அப்பகுதியின் பழைய வழக்கம். சூப் முடியும் தறுவாயில் கிண்ணத்தில் சிறிது சிவப்பு ஒயின் ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தோடு குடிக்கும் பழக்கமும் அங்கு உள்ளது.

பரிமாறுதலும் சேமித்தலும்

பிரெஞ்சு உணவகங்களில் இருபுறமும் சிங்கத்தலை வடிவம் கொண்ட வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இந்த சூப்புக்கு அடையாளமாகிவிட்டது. கிண்ணம் ஓவனிலிருந்து நேராக வருவதால் தட்டின் மேல் வைத்தே பரிமாற வேண்டும். உருகிய சீஸ் மூடிபோல் அமைந்து ஆவியை அடக்கிவைப்பதால், மேற்பரப்பு ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளே சூப் கொதிக்கும் சூட்டில் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் மேலோட்டை உடைத்துச் சில நிமிடம் ஆறவைக்க வேண்டும்.

ரொட்டியும் சீஸும் சேர்க்காத சூப் குளிர்பதனப்பெட்டியில் 3 நாள் கெடாமல் இருக்கும். ஒருநாள் ஊறினால் சுவை கூடும். பழுப்பாக்கிய வெங்காயத்தை மட்டும் தனியே உறைநிலையில் சேமித்தும் வைக்கலாம். விடுமுறை நாளில் இரண்டு மூன்று கிலோ வெங்காயத்தை இரண்டு அடுப்புகளில் பகிர்ந்து வதக்கி, பங்கிட்டு உறையவைத்துவிட்டால், வேலைநாளின் இரவில் சாறு ஊற்றிக் கொதிக்கவைத்து முக்கால் மணி நேரத்தில் பரிமாறிவிட முடியும்.